கல்லடிப் பாலத்துக்குக் கீழ

வெளிச்சவீட்டுக்கு முன்னால நிண்டு படம் எடுக்கக்குள்ளதான் சுலோஜனாவுக்கு அது உறைச்சிச்சு. காலமையில இருந்து எடுத்த ஒரு படத்திலயும் அவ இல்ல.

கோட்டை வாசல்ல பீரங்கியில கையை ஊண்டிக் கொண்டு சிரிச்சது புஸ்பமும் ஸஹீதாவும். காந்தி பூங்காவில ஐஸ்கிறீம் குடிச்சதும் அந்த ரெண்டு பேரும்தான். டவுனில இருந்து இஞ்ச பாலமீன்மடு மட்டும் எடுத்தது முழுக்க சுலோஜனா. "நீதான்டி வடிவா எடுப்பாய், உனக்குக் கை நடுங்காது" எண்டு போற போற இடமெல்லாம் புஸ்பம் தன்ட போனை அவட கையில திணிச்சு விட்டா.

"இவ எடுத்த படத்தில உன்ட வயிறு எங்கயோ ஒளிஞ்சிட்டு கா" எண்டு ஸஹீதா போனைப் பாத்துச் சிரிச்சா. "சுலோட கைக்கு ஒரு மோதிரம் போடு."

"வாங்கடி, மூணு பேருமா ஒண்டு எடுப்பம்" எண்டு சுலோஜனா கையை நீட்டிப் பிடிச்சா.

ஸஹீதாட சிரிப்பு நிண்டுது. முக்காட்டைச் சரி செய்யிற மாதிரி அங்கால திரும்பிட்டா. புஸ்பம் கண்ணைச் சுருக்கிக் கொண்டு, "வெயில் மூஞ்சில குத்துது புள்ள, மறுகா எடுப்பம்" எண்டா.

மறுகா மறுகா எண்டே பகல்ல பாதி போயிட்டு.

சுலோஜனா அதைப் பெரிசா எடுக்கல்ல. எடுக்க விருப்பமில்ல அவவுக்கு. செங்கலடியில தனிய இருந்து தையல் தைக்கிற மனிசி அவ. கட்டினவன் கொழும்புக்குப் போனவன் போனவன்தான், புள்ளை குட்டி இல்ல. கல்லடி புஸ்பமும் காத்தான்குடி ஸஹீதாவும் ஒரே இடத்தில அவவோட தையல் பழகின காலத்தில இருந்து கூட்டாளிமார். பெருநாளுக்கு ஸஹீதா வீட்டு வட்டிலப்பம், பொங்கலுக்குப் புஸ்பம் வீட்டுப் பொங்கல் எண்டு இருந்தவங்க. ரெண்டு வருசத்துக்கு முன்ன புஸ்பத்திட ஒரே மகள் விதுர்ஷா தண்ணியில போனா. கெம்பஸ் கூட்டாளிமாரோட தோணியில போன புள்ளை. தோணி சரிஞ்சு மற்றவங்க நீந்திக் கரைக்கு வந்திட்டாங்க. விதுர்ஷா வரல்ல. உடம்பும் கிடைக்கல்ல. அதோட புஸ்பம் ஆரோடயும் கதைக்கிறதை விட்டிட்டா. சுலோஜனா எடுத்த கோலுக்கு ஒண்டுக்கும் பதில் இல்ல.

போன கிழமைதான் புஸ்பமே கோல் எடுத்து, "மட்டக்களப்பை நாம எப்ப சுத்திப் பாத்த? பொறந்து வளந்த ஊரு, வெளிநாட்டுக்காரன்தான் வந்து பாத்திட்டுப் போறான். வா, ஒரு நாளைக்குச் சுத்துவம்" எண்டா. போனை வைச்சிட்டு சுலோஜனா தையல் மெசினில தலையை வைச்சு அழுதா. கூட்டாளி திரும்பக் கிடைச்சிட்டா எண்ட சந்தோசம். அந்தக் கூட்டு இனி விட்டுப் போகக் கூடாது. அது ஒண்டுதான் அவவுக்கு வேணும். அதுக்கு முன்னால ஒரு படத்தில இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?

பகல் சாப்பாடு கல்லடியில புஸ்பம் வீட்டில. படியில கால் வைக்கக்குள்ளயே புதுச் சவக்காரமும் பவுடரும் சேந்து மணத்திச்சு. நடுச் சுவர்ல மாலையும் சிவப்பு பல்பும் போட்டு மாட்டியிருந்த விதுர்ஷாட படத்தைக் காணல்ல. ஆணி மட்டும் இருந்திச்சு. படம் இருந்த இடம் சதுரமா வெளிறிக் கிடந்திச்சு.

"புள்ளைட படம் எங்கடி?"

புஸ்பம் சோத்தைப் போட்டுக் கொண்டே, "கழட்டிட்டன்" எண்டா. "வாற புள்ளை பாத்தா என்ன நினைக்கும்?"

ஸஹீதா பிசைஞ்ச கையை நிப்பாட்டினா. பாவம், மண்டை குழம்பிட்டு போல எண்டு சுலோஜனா நினைச்சா. கை கழுவப் போகக்குள்ள அந்தப் புள்ளைட அறை திறந்து கிடந்ததைக் கண்டா. கட்டில்ல மடிப்புக் குலையாத புது விரிப்பு. அதுக்கு மேல ஸ்திரிக்கை போட்ட ஒரு சல்வார், ஒரு துவாய், ஒரு சீப்பு. நிலத்தில ஒரு சோடி செருப்பு, கட்டில்ல இருந்து இறங்கினாக் கால் கொழுவுற மாதிரி முன்னால திருப்பி வைச்சிருந்திச்சு.

திரும்பி வந்தா அவட கோப்பையில பெரிய நண்டுக் கால் கிடந்திச்சு. "தின்னு புள்ள, நல்லாத் தின்னு" எண்டு புஸ்பம் அவட தலையைத் தடவி விட்டா. கை குளிர்ந்து போய்க் கிடந்திச்சு. "பின்னேரம் ஆத்துக்குப் போவம். மீன் பாடுறதைக் கேப்பம். தம்பி தோணி கொண்டு வாறானாம்."

வாவி எண்டு போர்டில எழுதியிருந்தாலும் இஞ்சத்த சனத்துக்கு அது ஆறுதான், ராவில பாலத்தடியில மீன் பாடுற ஆறு. அந்த ஆத்தை ரெண்டு வருசமா ஏறிட்டும் பாக்காதவ புஸ்பம். பாலத்தால பஸ்ஸில போனாலும் கண்ணை மூடிக் கொண்டு போறவ. அவவே போவம் எண்டு கேக்கக்குள்ள வேணாம் எண்டு சொல்ல சுலோஜனாவுக்கு வாய் வரல்ல.

பின்னேரம் புஸ்பத்திட தம்பி ஜெயரூபன் தோணியோட கரையில நிண்டான். எப்பவும் "என்ன சுலோக்கா, இன்னும் கிழவியாகல்லயா?" எண்டு பகிடி விடுற பொடியன். இண்டைக்கு கயித்தைப் பாத்துக் கொண்டு, "ஏறுங்கக்கா" எண்டு மட்டும் சொன்னான்.

"நடுவில இரு கா. அந்த பேக்கையும் போனையும் இஞ்ச தா, தண்ணி பட்டாப் பழுதாப் போயிடும்" எண்டு ஸஹீதா வாங்கித் தன்ட பெரிய பேக்குக்குள்ள போட்டு சிப்பை இழுத்தா.

தோணி கரையை விட்டுது. வெயில் படுவான்கரைப் பக்கம் சாஞ்சு போய், தண்ணி முழுக்க கருப்பட்டிப் பாகு மாதிரி தடிச்சு, அசையாமக் கிடந்திச்சு. கண்டல் பத்தைக்குள்ள இருந்து சேத்து மணமும் அழுகின இலை மணமும் எஞ்சினில எரியிற எண்ணெய் மணமும் மாறி மாறி வந்திச்சு. இடைக்கிடை வேற ஒரு மணம். புஸ்பம் வீட்டுப் பவுடர் மணம். அது புஸ்பத்தில இருந்து வரல்ல. தண்ணிப் பக்கமா இருந்து வந்த மாதிரி இருந்திச்சு. சுலோஜனா முந்தானையால மூக்கைத் துடைச்சா.

தூரத்தில கல்லடிப் பாலம் ரெண்டும் தெரிஞ்சுது. புதுப் பாலத்தால பஸ் போகுது. பழைய இரும்புப் பாலத்தில காத்து வாங்க வந்த சனம் கம்பியைப் பிடிச்சுக் கொண்டு நிக்குது. அதைப் பாக்க கொஞ்சம் தைரியம் வந்திச்சு. மனிசர் இருக்கிற இடம்தானே.

காத்தான்குடிப் பக்கமிருந்து மஃரிப் பாங்கு கேட்டுது. எங்க நிண்டாலும் பாங்கு கேட்டா கதையை நிப்பாட்டி முக்காட்டை இழுத்துப் போடுறவ ஸஹீதா. இண்டைக்கு அசையல்ல. மடியில கிடந்த பேக்கைக் கட்டிப் பிடிச்சுக் கொண்டு தோணிட அடிப் பலகையையே பாத்துக் கொண்டிருந்தா.

"ஸஹீதா, பாங்கு செல்லுறாங்கடி" எண்டு ஸஹீதா கதைக்கிற மாதிரியே சுலோஜனா பகிடியாச் சொன்னா.

பாலத்துக்குக் கிட்ட, வெளிச்சம் விழாத இடமாப் பாத்து ஜெயரூபன் எஞ்சினை நிப்பாட்டினான். சத்தம் அடங்கினதும் காது ரெண்டும் அடைச்ச மாதிரிப் போயிட்டு. மேல ஆரோ சிரிக்கிற சத்தம், ஒரு மோட்டார் சைக்கிள், பிறகு அதுவும் இல்ல. தோணிட அடியில தண்ணி மட்டும் நக்கிக் கொண்டு கிடந்திச்சு.

ஜெயரூபன் துடுப்பைத் தண்ணிக்குள்ள நட்டு, மற்ற நுனியைச் சுலோஜனாட பக்கம் சாய்ச்சான். எல்லாரும் இப்பிடித்தான் கேக்கிற. பலகை தண்ணிக்குள்ள, பிடி காதில. மீன்ட பாட்டு மரத்துக்குள்ளால ஏறி வரும்.

"நீ கேளு முதல்" எண்டா புஸ்பம். "உனக்காகத்தான் வந்த."

சுலோஜனா காதை வைச்சா. துடுப்பு ஈரமா, வழுவழு எண்டு கன்னத்தில ஒட்டிச்சு. முதல் ஒண்டும் இல்ல. பிறகு எங்கயோ ஆழத்தில, ஈர விரலால கிளாஸ் விளிம்பை உரசினா வருமே ஒரு சத்தம், அது மாதிரி மெல்லிசா ஒண்டு. அதுக்கு மேல இன்னொண்டு. பிறகு நாலைஞ்சு சேந்து, ஏறி இறங்கி, ஒரு பெரிய வீட்டுக்குள்ள கன பொம்பிளையள் வாயை மூடிக் கொண்டு அழுற மாதிரி. மயிர்க்கால் குத்திட்டு நிண்டாலும் வடிவாத்தான் இருந்திச்சு. "கேக்குதுடி!" எண்டு அவ சிரிச்சா.

அந்த அழுகைக்குள்ள ஒரு குரல் தனியப் பிரிஞ்சு வந்திச்சு. சொல்லு விளங்கிச்சு.

*அந்தப் பிஞ்சை விட்டிரு... என்னைக் கொண்டு போ... நான் ஒத்தக் கட்டை, என்னை ஆரு தேடப் போறா...*

அவட சொந்தக் குரல்.

காதை எடுக்க ஏலாமப் போயிட்டு. விதுர்ஷாவைத் தேடி நேவிக்காரனும் கை விட்ட அண்டைக்கு, இதே ஆத்தங்கரையில பொம்பிளையள் எல்லாம் கட்டிப் பிடிச்சு ஒப்பாரி வைச்சாங்க. சுலோஜனா ஒப்பாரியில கெட்டிக்காரி. முழங்கால் தண்ணிக்குள்ள இறங்கி நிண்டு, நெஞ்சிலடிச்சு, *என்னை எடுத்துக் கொண்டு அவளைத் தா* எண்டு ஆத்தைப் பாத்துக் கத்தினா. செத்த வீட்டில ஆரும் சொல்லுற சொல்லு. அவட உண்மையான துக்கம்தான், ஆனாச் சொல்லு ஊர்ச் சொல்லு. அழுது முடிச்சு மூக்கைச் சிந்திட்டு தேத்தண்ணி குடிக்கிற சனம் நாம.

ஆறு அதை வைச்சிருந்திச்சு. ஒரு எழுத்துக் குறையாம.

அவ துடுப்பைத் தட்டி விட்டா. "புஸ்பம், கரைக்குப் போவம். எனக்கு ஏலாமக் கிடக்கு."

புஸ்பம் அசையல்ல. கையில அந்தச் சீப்பு இருந்திச்சு. மடியில அந்தத் துவாய். எப்ப எடுத்தா?

"கேட்டுதா?" எண்டா. "எனக்கு ஒவ்வொரு நாளும் கேக்கும். கண்ணை மூடினாலும் கேக்கும். ஆறு என்னட்ட கேட்டுக் கொண்டே இருக்குடி, சொன்னவ எங்க, சொன்னவ எங்க எண்டு."

"அது அழுகையில சொன்ன கதைடி! எல்லாரும் சொல்லுறதுதானே!"

"எல்லாரும் தண்ணிக்குள்ள இறங்கி நிண்டு சொல்லல்ல."

"ஜெயரூபன்! தம்பி! எஞ்சினை எடுடா!"

அவன் முதுகைக் காட்டிக் கொண்டு இருந்தான். தோள் மட்டும் குலுங்கிச்சு.

சுலோஜனா ஸஹீதாட முழங்காலைப் பிடிச்சா. "நீயாவது சொல்லு. இவவுக்கு மண்டை சரியில்ல. சொல்லுடி."

ஸஹீதா அழுதுகொண்டிருந்தா. "அவ என்னைத்தான் முதல்ல கூப்பிட்டா கா. மகளுக்குப் பதிலா ஆராவது ஒராள் வந்தாப் போதும் எண்டா. எனக்கு புள்ளைகள் இருக்கு..." மூச்சை இழுத்தா. "நான்தான் செல்லினன். நீ அண்டைக்கு அழுத அழுகையை நான்தான் அவட நினைவில போட்டன். உனக்கு ஆருமில்லயே கா."

சுலோஜனா அவவைப் பாத்தா. வருசக் கணக்கா ஒரே தட்டில தின்ட மூஞ்சி. உனக்கு ஆருமில்லயே. இவங்க ரெண்டு பேரும்தான் தன்ட ஆக்கள் எண்டு அவ நினைச்சுக் கொண்டிருந்தா.

தோணி ஒரு பக்கம் மெல்லச் சரிஞ்சுது.

ஒருத்தரும் அசையல்ல. ஆனாச் சரிஞ்சுது.

பவுடர் மணம். சேறு. பவுடர் மணம்.

தோணி விளிம்பில நாலு விரல். வெளிறி, ஊறி, நகத்தடியில கறுத்து. பிறகு மற்றக் கை.

"வா மகள்" எண்டா புஸ்பம். அவ்வளவு ஆசையா. "மெல்ல வா."

சுலோஜனா எழும்பினா. எழும்பக் கூடாது. தோணி ஆடிச்சு. "பிடிடி!" எண்டு ஸஹீதாவுக்குக் கையை நீட்டினா. ஸஹீதா தன்ட ரெண்டு கையையும் அபாயாவுக்குள்ள இழுத்துக் கொண்டா.

தண்ணி.

மூக்குக்குள்ள, வாய்க்குள்ள, உப்பும் சேறும். காலை உதைச்சா. கால் நிலத்தில முட்டிச்சு. நிண்டா. நெஞ்சு மட்டும்தான் தண்ணி. நிக்கலாம்! நடக்கலாம்! பாலம் அந்தா தெரியுது. தூண் அந்தா. ஒரு பத்துப் பாகத் தூரம் வருமோ? ஒரு அடி வைச்சா. கால் வரல்ல. சேறு எண்டு நினைச்சா. சேறு இப்பிடி விரல் விரலாப் பிடிக்காது. இறுக்கியும் பிடிக்கல்ல. தொலைஞ்ச ஆளைக் கண்டு பிடிச்ச மாதிரி, தடவித் தடவி, முழங்கால் மட்டும்.

எஞ்சின் சத்தம். தோணி கரைப் பக்கம் கிறுகிச்சு.

தோணியில நாலு பேர்.

நடுவில, அவ இருந்த இடத்தில, ஒரு பொண்ணு. நீட்டுத் தலைமயிரில இருந்து தண்ணி ஊத்துது. நிக்காம ஊத்துது. புஸ்பம் துவாயால துடைக்கிறா, துடைக்கத் துடைக்க ஊத்துது. ஸஹீதா தோணிட மூலைக்குள்ள ஒடுங்கி வாயைப் பொத்திக் கொண்டிருக்கிறா.

"குளிருதா மகள்?" எண்டு புஸ்பம் கேக்கிறது தண்ணி மேலால வடிவாக் கேட்டுது.

அந்தப் பொண்ணு தலையைத் திருப்பிச்சு. புஸ்பத்தைப் பாக்கல்ல. சுலோஜனாவைப் பாத்துது. பாத்துக் கொண்டே வாயைத் திறந்திச்சு.

"ஓம், குளிருது. வீட்ட போவம்."

சுலோஜனாட குரல்ல. அச்சொட்டா.

சீப்பு பிடிச்ச புஸ்பத்திட கை அந்தரத்தில நிண்டுது. மறுகா திரும்பவும் இழுக்கத் தொடங்கிச்சு. மெல்ல மெல்ல. தோணி இருட்டுக்குள்ள போயிட்டு.

சுலோஜனா பாலத்தைப் பாத்தா. மேல சனம். கம்பியில சாஞ்சு கொண்டு. ஒரு கத்து கத்தினாக் கேக்கிற தூரம். தண்ணி இப்ப கழுத்தில. நெஞ்சு வெடிக்கிற மாதிரி மூச்சை இழுத்தா. உள்ள இருந்த எல்லாத்தையும் சேத்துக் கத்தினா.

ஈர விரலால கிளாஸ் விளிம்பை உரசின மாதிரி, மெல்லிசா, நீளமா ஒரு சத்தம் வந்திச்சு.

திரும்பக் கத்தினா. திரும்பவும் அதுதான்.

"ஷ்ஷ்! கதைக்காதீங்க, கதைக்காதீங்க!" எண்டு பாலத்தில ஆரோ ஒருத்தன் மற்றவங்களை அடக்கினான். "கேக்குதா? அந்தா, இந்தப் பக்கம். மீன் பாடுது!"

பாலம் முழுக்க அமைதியாயிட்டு. ஒவ்வொருத்தரா வந்து கம்பிக்கு மேலால குனிஞ்சு, காதுக்குப் பின்னால கையைக் குவிச்சுக் கொண்டு நிண்டாங்க. அவ கத்தினா. தண்ணி வாயை மூடுற மட்டும் கத்தினா. மேல ஒரு பொம்பிளை, "அல்லாஹ், எவ்வளவு வடிவாப் பாடுது" எண்டு சொல்ல, எல்லாருமாச் சேந்து கை தட்டினாங்க.